கூண்டு எண்ணும் காய்ச்சல் எண்ணும்

அன்புள்ள அக்காவுக்கு,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். மழை பிடித்த நாளிலிருந்து அம்மா செய்திச் சேனலை அணைப்பதே இல்லை. கீழே ஓடும் வரியில் ‘டெங்கு பாதிப்பு கிடுகிடு உயர்வு’, ‘மர்மக் காய்ச்சலால் மக்கள் பீதி’ என்று வந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பேத்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். போன மாதம் மகளுக்குக் (8 வயது) காய்ச்சல் வந்து, டெங்குவுக்கான என்.எஸ்.1 கார்டு சோதனையில் பாசிட்டிவ் என்றார்கள். அம்மா பதறியதால் காலையில் ஒரு லேப், மாலையில் இன்னொரு லேப் என்று பிளேட்லெட் பார்த்தோம். காலையில் 1,40,000, மாலையில் 1,22,000. வீடே அழுதது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, மறுநாளே பள்ளிக்கு அனுப்பிவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறாள். இடையில் ‘ஆஸ்பத்திரியில் படுக்கையே இல்லை’ என்று வந்த குரல்பதிவை நானும் குடும்பக் குழுவில் போட்டேன். பொய் என்று பிறகுதான் தெரிந்தது. நோய் பரவும் காலத்தில் இந்த எண்ணிக்கைகளை வெளியிடவே தடை போட்டால் என்ன? கேபிளைத் துண்டித்துவிடலாமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

கேபிளைத் துண்டிக்க வேண்டாம், தடையும் வேண்டாம். பம்பாய் மாகாணத்துப் பிளேக் கெடுபிடிகளைக் கண்டித்து எழுதிவந்த ‘கேசரி’ இதழின் ஆசிரியர் திலகருக்கு 1897இல் ராஜத்துரோக வழக்கில் 18 மாதச் சிறை கிடைத்தது. கொள்ளை நோய்க் காலத்தில் வாய்ப்பூட்டு போட்டால் முதலில் யார் வாய் பூட்டப்படும் என்பதற்கு அந்த ஒன்று போதும். சேதி நின்ற இடத்தில் நீங்கள் பகிர்ந்த குரல்பதிவு மாதிரி ஒன்றுதான் வந்து உட்காரும். அதை இனி செய்யாதீர்கள். போட்ட குழுவிலேயே ‘அது பொய்’ என்று எழுதினீர்களா? எழுதவில்லை என்றால் இன்றைக்கே எழுதுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த எண்தான். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதுநகர்க்காரருக்குத் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1 ஏற்றினால் எங்கோ நடுக்கடலில் தாழ்வு மண்டலம். 2 என்றால் அது புயலாகிவிட்டது. 3, 4 வந்தால் காற்றும் புயலும் நம் துறைமுகத்தையே தொடக்கூடும். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். அதிலும் 5க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பது. 7 என்றால் தலைக்கு மேலேயோ அதற்கு அருகிலோ. 11 என்றால் தகவல் தொடர்பே அற்றுவிட்டது. ஒரே ஓர் எண். எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. சோனாங்குப்பத்திலும் சிங்காரத்தோப்பிலும் அந்த எண்ணைக் கேட்டு யாரும் தலையில் கைவைத்து உட்காருவதில்லை. படகை மேலே இழுத்துக் கட்டுகிறார்கள், வலையைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

உங்கள் அம்மா காய்ச்சல் எண்ணையும் கூண்டு எண்ணைப் போலவே கேட்கிறார். நாளைக்கு வரப்போவதைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார். அது வரப்போவதன் எண் அல்ல, வந்து போனதன் எண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘இன்று 24 பேருக்கு டெங்கு’ என்று வரி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொசு கடித்த பிறகு காய்ச்சல் வர பெரும்பாலும் 4 முதல் 10 நாள். வந்த பிறகு கைவைத்தியம், மருந்துக்கடை என்று இரண்டு மூன்று நாள் போகும். ரத்தம் எடுத்து, எலிசா என்ற ஆய்வகச் சோதனையின் முடிவு வந்து, மாவட்டக் கணக்கில் ஏற இன்னும் ஓரிரு நாள். ஆக அந்த 24 பேரையும் கொசு கடித்து ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. தானே புயல் போன பிறகு பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலாவையும் முந்திரியையும் எண்ணினார்களே, அந்த வகை எண் இது. இழப்பீடு கொடுக்க அது வேண்டும். அதைப் பார்த்து யாரும் படகை இழுத்துக் கட்ட முடியாது.

2020 மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களுக்கு மொத்தமாகக் கொரோனா சோதனை எடுத்தபோது கடலூர் மாவட்டத்தின் ஒருநாள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஊரே அன்றைக்குத்தான் நோய் வெடித்தது என்று நடுங்கியது. அவர்களுக்குத் தொற்றியது அதற்கு முந்தைய நாட்களில், சந்தையில். அன்றைக்கு ஏறியது சோதனையின் எண்ணிக்கை. எத்தனை பேருக்குச் சோதனை செய்து அத்தனை பேருக்கு இருந்தது என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தால் பாதிப் பயம் அடங்கியிருக்கும்.

இன்னொன்று. உங்கள் மகளுக்குப் பார்த்தது கார்டு சோதனை. அரசுக் கணக்கு எலிசா முறையில் உறுதியானதை மட்டும் டெங்கு என்று ஏற்கும்: முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதமான என்.எஸ்.1, அதன்பின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம். அதனால் உங்கள் மகள் அந்த எண்ணில் இல்லாமலே போயிருக்கலாம். ஒரு சேனல் அரசுக் கணக்கைச் சொல்லும். இன்னொன்று தனியார் லேப் கார்டுகளைக் கூட்டிச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்து உங்கள் அம்மா ‘மறைக்கிறார்கள்’ என்று முடிவு கட்டுவார். அவர்மேல் தப்பில்லை, எந்தச் சோதனையின் கணக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டெங்குவுக்குக் கூண்டே இல்லையா? இருக்கிறது. 100 வீட்டில் நுழைந்து பார்த்தால் எத்தனை வீட்டில் கொசுப்புழு இருக்கிறது என்பது ஓர் எண். 100 வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது இன்னோர் எண். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச் லைட்டோடு உங்கள் டிரம்மை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவது இதைத்தான். முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகிறது. இன்று புழு உள்ள தெருவில் அடுத்த வாரம் கொசு, அதற்கடுத்து காய்ச்சல். முன்னால் போகும் எண் இதுதான். பக்கத்தில் புதுச்சேரியில் 1975 முதல் கொசு போன்ற நோய்க்கடத்திகளுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கேட்டால் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத ஊர் அல்ல நம்முடையது. ‘இந்த வார்டில் 100 வீட்டுக்கு 12 வீட்டில் புழு, ஞாயிற்றுக்கிழமை டிரம்மைத் தேயுங்கள்’ என்று ஒரு நாளிதழ் உள்ளூர்ப் பக்கத்தில் வாரம் ஒருமுறை போடட்டும். பயம் போகாது, ஆனால் பயப்பட்டவருக்குக் கையில் ஒரு வேலை இருக்கும். அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது புகை மருந்து அடிக்கும் படம். புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், புழுவைத் தொடாது. கதவைச் சாத்திக்கொண்டால் வீட்டுக்குள் துணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கொசுவும் சாகாது.

‘மர்மக் காய்ச்சல்’ என்ற சொல்லைத் தமிழ்ச் செய்தி அறைகள் கைவிட வேண்டும். அதில் மர்மம் எதுவும் இல்லை. சோதனை முடியாத காய்ச்சல் என்பதுதான் அதன் பொருள். மழையும் பனியுமான மாதங்களில் நம் பக்கம் டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு, சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் எல்லாம் வரும். ஸ்க்ரப் டைபஸில் பலருக்கு அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த புண் ஒன்று இருக்கும். சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை மருத்துவர் கொடுத்தால் கேட்கும். ‘மர்மம்’ என்று எழுதிய கையோடு இதை எழுதியிருந்தால் யாராவது உடம்பைப் பார்த்திருப்பார்கள்.

இனி உங்களைத் திட்ட வேண்டும், தம்பி. காலையில் ஒரு லேப், மாலையில் வேறு லேப். இரண்டு கருவி இரண்டு விதமாக எண்ணும். ரத்தம் எடுத்த குழாயில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலே கருவி குறைத்துக் காட்டும். 1,40,000க்கும் 1,22,000க்கும் நடுவில் அழுவதற்கு ஒன்றுமே இல்லை. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே போகும்வரை பொதுவாகத் தட்டணு ஏற்றுவதில்லை. மருத்துவர் அதோடு சேர்த்துப் பார்ப்பது பி.சி.வி.யை, அதாவது ரத்தம் கெட்டியாகிறதா என்பதை. ஒரே லேபில், அவர் சொன்ன நாளில் பாருங்கள்.

எண்ணுக்கு அழுத நீங்கள், அழ வேண்டாம், விழித்திருக்க வேண்டிய நாளில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டீர்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தானது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். உடம்பு சில்லென்று இருப்பதைக் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுதல், துவண்டு கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இதில் ஒன்று தெரிந்தாலும் லேபுக்கு அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்கு. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், ஒரு வேளைக்குக் கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், மெஃபனமிக் ஆசிட் எதையும் தொடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு பற்றி நீங்கள் கேட்காததற்கு நன்றி.

அம்மாவிடம் ‘பயப்படாதீங்க’ என்று சொல்லாதீர்கள். பேத்திமேல் உயிரை வைத்திருப்பவரிடம் அந்தச் சொல் எடுபடாது. இரவு எட்டு மணிச் செய்தி ஒன்றைக் கூடவே உட்கார்ந்து பாருங்கள். எண் வரும்போது ‘இது எந்த நாள் கடித்த கொசு அம்மா?’ என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். டிரம்மைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டக் கோட்டுக்கு மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நார் வைத்து அந்தக் கோட்டைச் சுற்றி அழுத்தித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, நிரப்பியதும் வேட்டித் துணியால் வாயைக் கட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பூந்தொட்டியின் அடித்தட்டு மூன்றையும் அவரே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். அடுத்த வாரம் எத்தனை இடத்தில் புழு இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா