வளர்ந்த பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் தரம் 9 இல் படிக்கிறான், மகள் இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். சிறு வயதில் இருவருக்கும் இரவில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினோம். புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்தில் அது நின்றுபோயிற்று. அண்மையில் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அமர்ந்தபோது, “நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா?” என்று கேட்டுவிட்டு இருவரும் எழுந்து போனார்கள். இந்த வயதில் இது தேவைதானா?
– ஒரு தந்தை, தலவாக்கலை

பதில்: தேவை என்றே உறுதியாகச் சொல்வேன். பிள்ளை தானாக எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் வாசித்துக் காட்டுவதை விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் எழுத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, நீண்ட கதையொன்றின் போக்கையும் அதில் வரும் மனிதர்களின் மனத்தையும் தொடர்ந்து செல்லும் பழக்கம் வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். வாசித்துக் காட்டுதல் பற்றி 1982 இல் பரவலாக அறியப்பட்ட கைநூலொன்றை வெளியிட்ட அமெரிக்கரான ஜிம் டிரலீஸ், கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆற்றலை வாசித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றல் எட்டிப்பிடிக்க ஏறத்தாழ எட்டாம் வகுப்பு வரை செல்லும் என்று பெற்றோருக்கு வலியுறுத்தி வந்தார். அவர் பேசியது ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றி. தமிழில், வீட்டிலும் தேயிலை மலையிலும் நாம் பேசும் மொழிக்கும் நூலிலுள்ள மொழிக்கும் இடையே உள்ள தூரமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. நீண்ட வாக்கியத்தில் எங்கே மூச்சு விடுவது, புணர்ந்து கிடக்கும் சொற்களை எங்கே பிரிப்பது என்பதைப் பிள்ளைகளின் கண்ணை விடக் காது விரைவாகப் பிடித்துக்கொள்கிறது.

வாசித்துக் கேட்பது சிறுவர்க்கு மட்டும் உரியது என்று நம் முன்னோர் எண்ணியதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணத்தை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, அதாவது பொருளை விளக்கிச் சொல்ல, வயதில் மூத்தவர்கள்தாம் அமர்ந்து கேட்பார்கள். நம் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளைக் கண் விழித்திருந்து கேட்டவர்கள் பகல் முழுவதும் மலையில் வேலை செய்து களைத்த பெரியவர்களே. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து ஒரு வாசிப்பாளரை அமர்த்திக்கொண்டு, கை புகையிலையைச் சுற்றிக்கொண்டிருக்க, பத்திரிகைகளையும் நாவல்களையும் கேட்டு வந்தார்கள்.

அந்தத் தொழிலாளரிடமிருந்து உங்களுக்கு ஒரு வழி கிடைக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளையை எதிரே அமர்த்தி, முகத்தைப் பார்த்து வாசித்தால் அது வகுப்பறையாகிவிடும். மகன் படம் வரையட்டும், மகள் பாடசாலைச் சீருடைக்கு இஸ்திரிக்கை போடட்டும்; கைக்கு வேலை இருந்தால் காது தானாகத் திறந்துகொள்ளும். முதல் சில நாட்களுக்குப் பிள்ளைகளுக்கென்று வாசிக்கவே வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உங்கள் மனைவிக்கு வாசியுங்கள். நம் வீடுகளில் ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது மற்றக் காம்பராவில் கேட்காமல் இருப்பதில்லை. கதை பிடித்துவிட்டால், நீங்கள் அழைக்காமலே, அடுத்த நாள் என்ன நடந்தது என்று அவர்களே கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். வாசித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன விளங்கியது?” என்று கேட்காதீர்கள். தமிழ்ப் பாடத்தில் புள்ளி கூடும் என்றும் சொல்லாதீர்கள். நாள் முழுவதும் வினாத்தாள்களுக்கு விடையளிக்கும் உங்கள் மகளுக்கு, விடை சொல்ல வேண்டாத அரைமணி நேரம் ஒரு பெரிய ஆறுதல். பரீட்சை நெருங்கிய வாரங்களில் அவள் வராமலும் இருக்கலாம். அதற்காக வாசிப்பை நிறுத்தவும் வேண்டாம், அவளைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள். திக்கித் திக்கித்தான் வாசிப்பேன். உயர்தரம் படிக்கும் மகளுக்கு நான் எப்படி வாசித்துக் காட்டுவது?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: நீங்கள் வாசிக்க வேண்டியதில்லை, அம்மா. மகள் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். புராணம் படிக்கும் இடத்தில் வாசிப்பவருக்கு எவ்வளவு மதிப்போ, பயன் சொல்பவருக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு. உங்கள் வீட்டில் பயன் சொல்லும் இடம் உங்களுடையது. மலையக எழுத்தாளர் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ போன்ற கதையை மகள் வாசிக்கும்போது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள், மழை நாளில் கூடையின் பாரம் முதுகில் எப்படி இறங்கும் என்பதை உங்களைத் தவிர வேறு யாரால் அவளுக்குச் சொல்ல முடியும்? பாடசாலையில் கிடைக்காத உரை அது.

வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் அவர்களையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் கும்மிப் பாடல்களும் எழுத்தில் ஏறாமல் வாய்மொழியாகவே வந்தவை. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தது இவர்களைப் போன்றவர்களிடமிருந்துதான். கதை வாசித்த பிறகு அப்பாயி ஒரு பாட்டுச் சொல்ல, மகள் அதை ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், அந்த இரவில் வீட்டிலிருக்கும் மூன்று தலைமுறையும் பங்குகொண்டதாகும். மகள் வாசிக்கும்போது தடுமாறினால் திருத்தாதீர்கள். நீங்கள் என்றாவது ஒரு பக்கம் வாசிக்க விரும்பினால், அவளும் உங்களைத் திருத்தக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 11, 15, 17 வயதுகளில் மூன்று பிள்ளைகள். மூவருக்கும் பொருந்தும் நூல் எது?
– பண்டாரவளை வாசகி

பதில்: மூவரையும் ஒருங்கே கட்டிப்போட, வாரத் தொடராக எழுதப்பட்ட நாவல்களே முதலில் உதவும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருக்க வேண்டும் என்று எண்ணியே அத்தியாயங்களை முடித்திருப்பதால், ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்ற அளவு இயல்பாகப் பொருந்துகிறது. ஐந்து பாகங்களும் முடிய நெடுநாள் ஆகும். அதைக் குறையாகக் கருத வேண்டாம். இடையிடையே, ஒரே அமர்வில் முடியும், மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகளை வாசியுங்கள். தங்கள் ஊரும் தங்கள் பேச்சும் அச்சில் வந்திருப்பதைக் கேட்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

மூத்த பிள்ளை கதையே வேண்டாம் என்றால் வரலாற்றுக் கட்டுரைகளை எடுங்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் தன் பூட்டனை எப்படி நாடற்றவராக்கியது, 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனை குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது என்பதைக் கேட்டுவிட்டு ஒரு 17 வயதுப் பிள்ளை சும்மா எழுந்து போகாது. 11 வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாத காட்சி வந்தால், இதைத் தாண்டிப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தாண்டுங்கள். மூன்று இரவுகளில் பிடிக்காத நூலை மூடிவிடலாம். நூல் வாங்க வசதியில்லை என்றால் நகரசபை நூலகம் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: நான் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறேன். என் 13 வயது மகன் பாட்டியோடு இருக்கிறான். தொலைபேசியில் பேசினால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அவனுக்கு நான் வாசித்துக் காட்ட முடியுமா?
– பசறையைச் சேர்ந்த ஒரு தாய்

பதில்: முடியும். அந்த வயதுப் பையன்கள் நேரில் இருக்கும் தாயிடமும் அதிகம் பேசுவதில்லை. அதனால் மனம் நோகாதீர்கள். இலங்கையில் இரவு எட்டு மணியாகும்போது உங்களுக்கு மாலை ஐந்தரை, வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். ஆகவே நேரடியாக வாசிக்க முயலாமல், ஓய்வு கிடைக்கும்போது ஓர் அத்தியாயத்தைக் குரல்பதிவாக வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவன் படுக்கப் போகும்போது பாட்டியும் சேர்ந்து கேட்கட்டும். அதே நூலின் ஒரு பிரதி அவன் கையிலும் இருந்தால், அடுத்த அத்தியாயத்தை அவன் வாசித்து உங்களுக்கு அனுப்பலாம். ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ என்ற கேள்விகளோடு முடிந்துபோகும் உரையாடலில் கதை மாந்தரைப் பற்றிய பேச்சும் மெல்ல நுழையும். அவன் பதிவு அனுப்பாத வாரங்களிலும் நீங்கள் அனுப்புவதை நிறுத்தாதீர்கள். பிழையாக வாசித்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பதிய வேண்டிய அவசியமும் இல்லை.