காற்றில் எவ்வளவு தண்ணீர்? செயற்கைக்கோள் கணக்கைச் சரிபார்ப்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் இன்சாட் செயற்கைக்கோளுக்கு நம் தலைக்கு மேலே காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? – வாசகர், திருவாரூர்

நேரடியாகத் தெரியாது. கோளுக்குக் கிடைப்பது பூமியிலிருந்தும் காற்றிலிருந்தும் கிளம்பி வரும் அகச்சிவப்புக் கதிர் மட்டும்தான். நீராவி சில அலைநீளங்களில் கதிரை விழுங்கிவிடும், சிலவற்றைப் போக விடும். இன்சாட்-3டி வரிசைக் கோள்களில் இருக்கும் சவுண்டர் என்ற கருவி 18 அகச்சிவப்பு அலைவரிசைகளில் இந்தக் கதிரை அளக்கிறது, எதில் எவ்வளவு குறைந்து வருகிறது என்பதிலிருந்து எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைத் தொடங்கவே ஒரு உத்தேச நிலை தேவை, அதை வானிலை மாதிரியின் முன்னறிவிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, கையில் வரும் எண்ணில் அளவும் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. அதனால்தான் தரையிலிருந்து ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: என் போனில் ஈரப்பதம் 85 சதவீதம் என்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? – வாசகி, கரூர்

இல்லை. போனில் வருவது நாம் நிற்கும் தரையோரக் காற்றின் ஒப்பு ஈரப்பதம். நாம் இங்கே பேசுவது தரையிலிருந்து உச்சி வரை மேலே இருக்கும் மொத்த நீராவியையும் தண்ணீராக்கினால் எத்தனை மில்லிமீட்டர் நிற்கும் என்பதைப் பற்றி. சென்னைக்கு மேலே மழைக்கால நாட்களில் இது 50, 60 மி.மீ. வரை போகும். ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மேலே நிற்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: பலூன் விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்தானே? பிறகு ஏன் இதை இவ்வளவு பெரிய வேலை என்கிறார்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்கால்

உங்கள் ஊரிலிருந்தே வானிலைத் துறை பலூன் விடுகிறது, சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் விடுகிறார்கள். பலூனில் தொங்கும் சிறு கருவிக்கு ரேடியோசோண்ட் என்று பெயர். வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கீழே அனுப்பிக்கொண்டே ஏறும். இதைத்தான் பல காலமாக உரைகல்லாக வைத்திருக்கிறோம். ஆனால் உரைகல்லையும் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நேரம். உலகமெங்கும் வழக்கமான பலூன் நேரம் கிரீன்விச் கணக்கில் 0 மணியும் 12 மணியும், அதாவது நமக்குக் காலை 5.30, மாலை 5.30. நாசாவின் ஆக்வா கோள் 2002-ல் ஏவப்பட்டது, அதில் நீராவியை அகச்சிவப்பில் அளக்கும் ஏர்ஸ் கருவி எந்த ஊரைக் கடந்தாலும் உள்ளூர் நேரம் பகல் 1.30 அல்லது இரவு 1.30-ஐ ஒட்டித்தான் கடந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பலூன் நேரம் காலை 6, மாலை 6. நடுவில் குறைந்தது நான்கரை மணி நேரம் போய்விடுகிறது, அதற்குள் ஒரு ஈரக்காற்று வந்தே போய்விடலாம். இப்படி இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் வந்தால் அது கோளின் பிழையா, வானிலை மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஓக்லஹோமா ஆய்வுத் தளத்தில் ஏர்ஸுக்கென்றே தனியாகப் பலூன் விட்டார்கள், கோள் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஒன்று, வருகிற சமயத்தை ஒட்டி இன்னொன்று, இரண்டையும் வைத்து அது கடந்த அந்தக் கணத்துக்கு மதிப்புக் கண்டுபிடித்தார்கள். பசிபிக்கில் நவ்ரு, மானுஸ் தீவுகளிலும் இதற்கெனப் பலூன் விடப்பட்டது. காசும் உழைப்பும் நிறையப் பிடிக்கிற வேலை, ஆனால் செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம் இடம். பலூன் காற்றோடு நகர்ந்துகொண்டே ஏறுகிறது, கோளின் ஒரு புள்ளியோ பல கிலோமீட்டர் அகலம். நல்லவேளையாக நீராவியின் பெரும்பகுதி கீழ் நான்கைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறும் பலூன் கால் மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடும். ஆகவே மொத்தக் கணக்கை நகர்வு பெரிதாகக் கெடுக்காது, உயர அடுக்குகளை ஒப்பிடும்போதுதான் தொந்தரவு.

கடைசியாகக் கருவி, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஈரத்தை அளப்பது ஒரு மெல்லிய பாலிமர் ஏடு, ஈரம் ஏறினால் அதன் மின் தேக்குத்திறன் மாறும். 1992-93-ல் மேற்கு பசிபிக்கில் நடந்த டோகா கோர் ஆய்வில், வைசாலா நிறுவனத்தின் ஆர்எஸ்80 வகை சோண்டுகள் கடல் காற்றை நம்ப முடியாத அளவுக்கு வறட்சியாகக் காட்டின. காரணம், சோண்டைச் சுற்றியிருந்த பொட்டலப் பொருளிலிருந்து கசிந்த ஆவி அந்த ஏட்டில் ஒட்டிக்கொண்டு நீராவி உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது! கிடங்கில் எவ்வளவு நாள் இருந்ததோ அந்த அளவுக்குப் பிழையும் கூடியது. பின்னால் வந்த ஆர்எஸ்92 வகையில் வேறு சிக்கல், பகல் வெயிலில் ஏடு சூடாகிக் காற்றைவிட வெப்பமாகிவிட, ஈரம் குறைவாகத் தெரிந்தது. இந்தச் சோண்டை மட்டும் நம்பிக் கோளை ஒப்பிட்டிருந்தால், பகலில் ஒழுங்காக அளந்த கோளையே தப்பு என்று சொல்லியிருப்போம்.

கேள்வி: ஜிபிஎஸ் வைத்தும் நீராவியை அளக்கலாம் என்று படித்தேன். நிஜமா? – பொறியியல் மாணவி, கோவை

நிஜம்தான். ஜிபிஎஸ் சமிக்ஞை காற்றைக் கடக்கும்போது கொஞ்சம் தாமதமாகிறது. உலர்ந்த காற்றால் ஆகும் தாமதம், தூரக் கணக்கில் சொன்னால், சுமார் 2.3 மீட்டர், இதைத் தரையில் உள்ள காற்றழுத்தத்தை வைத்தே துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். அதைக் கழித்தபின் மிஞ்சுவது நீராவியின் வேலை. ஒரு மில்லிமீட்டர் நீராவிக்குச் சுமார் ஆறரை மில்லிமீட்டர் தாமதம். 1992-ல் மைக்கேல் பெவிஸும் சகாக்களும் இந்த வழியை எழுதி வைத்தார்கள். நில அளவைக்காக நிறுவிய நிலையங்களே வானிலைக்கும் பயன்படுகின்றன, மழையிலும் மேகத்திலும் இரவு பகல் பாராமல் வேலை செய்கின்றன, பிழை ஒன்றிரண்டு மி.மீ. மட்டும்தான். எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்பதை மட்டும் ஒற்றை நிலையத்தால் சொல்ல முடியாது.

கேள்வி: கோளும் பலூனும் முரண்பட்டால் கடைசியில் யார் பக்கம் தீர்ப்பு? – வாசகர், மதுரை

ஒவ்வொரு முறையும் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு வழக்கைச் சொல்கிறேன். மேலடுக்கான ஸ்ட்ரேட்டோஸ்பியரில் காற்று மிக வறண்டது, பத்து லட்சம் மூலக்கூறில் நான்கைந்துதான் நீர். அங்கே சாதாரண சோண்ட் உதவாது. அமெரிக்காவின் போல்டர் நகரத்திலிருந்து 1980 முதல் வேறொரு கருவியைப் பலூனில் அனுப்புகிறார்கள். அதில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு சிறு கண்ணாடி உண்டு, அதைக் குளிர்வித்து, மேலே மெல்லிய உறைபனி கூடவும் குறையவும் செய்யாமல் நிற்கிற வெப்பநிலையைப் பிடிக்கிறார்கள். அந்த வெப்பநிலையே நீராவியின் அளவைச் சொல்லிவிடும், வேறு ஈரமானியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதில்லை.

2004-ல் ஏவிய ஆரா கோளில் நீராவியை நுண்ணலையில் அளக்கும் எம்எல்எஸ் கருவியும் இந்தக் கண்ணாடியும் பல வருடம் ஒத்துப்போயின. 2010 வாக்கில் விலகத் தொடங்கின, கோள் ஆண்டுக்காண்டு கொஞ்சம் கூடுதல் ஈரம் காட்டியது. போல்டரில் மட்டும் என்றால் உள்ளூர்க் கோளாறு என்று விட்டிருக்கலாம், ஹவாயின் ஹிலோவிலும் நியூசிலாந்தின் லாடரிலும் அதே திசையில் விலகல் இருந்தது. 2016-ல் இது கட்டுரையாக வந்தது. பிறகு எம்எல்எஸ் குழுவினரே தங்கள் 190 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் மெல்ல மாறிவந்ததைக் கண்டுபிடித்து, ஐந்தாம் பதிப்புத் தரவில் ஓரளவு திருத்தினார்கள். கோள் மட்டும் இருந்திருந்தால் மேலடுக்கு வேகமாக ஈரமாகிறது என்றே நம்பியிருப்போம். பலூன் செலவு வீண், அதான் கோள் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறுவதில்லை, அதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்காக நானே ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? – மாணவர், திருநெல்வேலி

தாராளமாக. வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் உலகின் பலூன் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையின் எண் 43279, காரைக்காலுக்கு 43346. ஒவ்வொரு பலூன் பட்டியலின் கடைசியிலும் மொத்த நீராவி மி.மீ. கணக்கில் போட்டிருப்பார்கள். இன்சாட் தரவு இஸ்ரோவின் மாஸ்டாக் தளத்தில் உண்டு, பதிவு செய்துகொள்ளுங்கள். நேரத்தைக் கிரீன்விச்சில் ஒன்றாக்குங்கள். அகச்சிவப்புக்கு மேகத்துக்குக் கீழே தெரியாது, ஆகவே உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் மேகமில்லாத நாட்களின் ஒப்பீடு, அதை அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.9 வந்துவிட்டது என்று நிறுத்திவிட வேண்டாம், கோள் எப்போதும் 5 மி.மீ. கூடக் காட்டினாலும் அந்த எண் அழகாகத்தான் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரையுங்கள், காலையையும் மாலையையும் தனித்தனியாக. ஏதாவது ஒரு நாள் மட்டும் தாறுமாறாக விலகினால் அதை அழித்துவிடாமல் அன்றைய மேகப் படத்தை எடுத்துப் பாருங்கள்.