நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று இளநீர், பார்லித் தண்ணீர் குடிக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டால் எரிச்சல் நின்றுவிடுகிறது. பிறகு மறுபடியும் வருகிறது. என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தாலே அது தொடர் தொற்று. இனி யூரின் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை) கொடுக்காமல் ஒரு மாத்திரைகூடப் போடாதீர்கள்.

சூடு இதற்கு நேரடிக் காரணம் அல்ல. பெரும்பாலும் நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான் காரணம். பெண்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆசனவாயும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் கிருமி சுலபமாகச் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடும். வெயிலில் வியர்த்துச் சிறுநீர் குறையும்போது, கிருமியை வெளியே தள்ளும் ஓட்டமும் குறைகிறது. இளநீரும் பார்லியும் அந்த ஓட்டத்துக்கு உதவும், கிருமியைக் கொல்லாது.

கல்ச்சருக்கு மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். லேபில் தரும் கிருமி நீக்கிய டப்பாவையே பயன்படுத்துங்கள்; உட்புறத்தைத் தொடாதீர்கள். பிறப்புறுப்பைத் தண்ணீரில் கழுவி, இதழ்களை விரல்களால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

முடிவு வர 2, 3 நாள் ஆகும். எரிச்சல் தாங்க முடியாவிட்டால், மாதிரி கொடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்குவார். பல நேரம் நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி., தினமும் இரண்டு வேளை, 5 நாள் எழுதுவார்கள். சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்படாதீர்கள். எரிச்சலுக்குக் கடையில் கொடுக்கும் சிட்ரேட் சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும்; இரண்டையும் சேர்க்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எரிச்சல் இரண்டே நாளில் நின்றாலும் டாக்டர் சொன்ன நாள்வரை போட்டு முடியுங்கள். பாதியில் விட்டால் தப்பிய கிருமி மறுபடி பெருகும்.

கழிவறைக்குப் போக முடியாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் ஏராளம். அது அவர்கள் குற்றமே இல்லை. நாள் முழுக்க நிற்கவைத்துவிட்டு, கழிவறைக்குப் போவதற்கு முகம் சுளிக்கும் கடைகளின் குற்றம். சூப்பர்வைசரிடம் மருத்துவக் காரணம் என்று தயங்காமல் சொல்லுங்கள். நாளுக்கு இரண்டரை லிட்டராவது குடியுங்கள், 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்விடுங்கள். குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பெண்கள் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். உடலுறவுக்குப் பின் உடனே சிறுநீர் கழியுங்கள். வாசனை வாஷ்கள் வேண்டாம். அவை பாதுகாப்புத் தரும் நல்ல பாக்டீரியாவைக் குலைத்துவிடும்.

சர்க்கரை அளவையும் ஒருமுறை பாருங்கள். அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் அது வேறு தொற்றாக இருக்கலாம். சிறுநீரில் சீழ்ச்செல்கள் தொடர்ந்து இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால், காசநோய் உண்டா என்றும் டாக்டர் பார்க்க வேண்டும்.

குளிர்க்காய்ச்சல், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.