குண்டு எங்கே போய் நிற்கும்?

கேள்வி: கைத்துப்பாக்கித் தோட்டாவில் ஃபுல் மெட்டல் ஜாக்கெட், ஹாலோ பாயிண்ட் இரண்டில் எது பாதுகாப்பானது?

பதில்: சுடுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் குறிக்குப் பின்னால் நிற்பவருக்கு. ஈயக் குண்டின் மேல் செம்புக் கவசம் போர்த்தியது முதல் வகை. அது உருமாறாமல் துளைத்துக்கொண்டு போகும்; உடலைத் தாண்டி மறுபக்கம் வந்தும் அடுத்தவரைக் காயப்படுத்தும் வேகம் மிச்சமிருக்கும். ஹாலோ பாயிண்ட் குண்டின் மூக்கில் குழி உண்டு. ஈரத் திசுவுக்குள் நுழைந்ததும் குழிக்குள் ஏறும் அழுத்தம் குண்டைக் குடைபோல விரிக்கிறது. விரிந்தால் வேகம் சீக்கிரம் அடங்கும். காவல்துறைகள் பல இதை விரும்புவது அதனால்தான். போர்க்களத்தில் விரியும் குண்டுக்கு 1899 ஹேக் பிரகடனம் தடை போட்டது வேறு கணக்கு.

ஆனால் விரிந்தே தீரும் என்று நம்பக்கூடாது. தடித்த துணியோ சுவர்த்தூளோ குழியை அடைத்துவிட்டால் அது சாதாரணக் குண்டாகிவிடும். குழல் குட்டையாக இருந்து வேகம் போதாவிட்டாலும் அப்படியே. ‘ஹாலோ பாயிண்ட் சுவரைத் தாண்டாது’ என்பது உயிரைப் பறிக்கும் மூடநம்பிக்கை. மெல்லிய தடுப்புச் சுவர் எந்தக் குண்டையும் நிறுத்தாது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் சோதனையில், உடல் திசுவுக்குப் பதிலாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டினுக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். அவ்வளவு ஆழம் போவதைத்தான் நல்ல குண்டு என்கிறார்கள். எனவே குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய 9 மி.மீ. துப்பாக்கியில் ‘பிளஸ் பி’ எனும் அதிக அழுத்தத் தோட்டா போடலாமா?

பதில்: தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும். அமெரிக்கத் தரப்படி சாதாரண 9 மி.மீ. லூகர் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, பிளஸ் பி-க்கு 38,500. பழைய உலோகத்துக்கு அந்தக் கூடுதல் சுமை ஒத்துக்கொள்ளாது. இன்னொன்று: 9 மி.மீ. என்ற பெயரை நம்பி மக்காரோவ் என்ற வேறு வகைத் தோட்டாவைக் கலந்துவிடாதீர்கள். அதன் குண்டு 9.27 மி.மீ., லூகருடையது 9.01.

கேள்வி: விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. உடனே தோட்டாவை எடுக்கலாமா?

பதில்: கூடாது. தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தாமதமாகப் பற்றலாம். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 விநாடி பொறுங்கள். பிறகு தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியேற்றுங்கள்.

இதைவிடக் கொடியது, ‘புஸ்’ என்று மெலிதாகச் சத்தம் கேட்பது. வெடிமருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறலாம். நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்குகிறேன். தவறா?

பதில்: தவறுதான். ஏற்றும்போது தோட்டாவின் முனையிலுள்ள குண்டு துப்பாக்கியின் உட்பகுதியில் மோதி, ஒவ்வொரு முறையும் உறைக்குள் சிறிது இறங்கலாம். உள்ளே இடம் குறைய, சுடும்போது அழுத்தம் எகிறும். புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள்.