ஒரே இனத்தில் எத்தனை பாம்புகள்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காங்கோ பயணம் குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஓர் இனத்துக்கு ஒரு பாம்பைப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டால் போதாதா? நிறம் வெளிறிய பாம்புகளைக் குப்பி குப்பியாக நூறாண்டு காப்பதில் என்ன பயன்?

– ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

நிறம் பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். பச்சைப் பாம்பின் தோலிலுள்ள மஞ்சள் நிறமி ஆல்கஹாலில் கரைந்துவிடும். சில காலத்தில் அது நீலம் பாரித்துக் கிடக்கும். ஆனால் பாம்பை இனம் பிரிப்பவர்கள் நிறத்தைவிடச் செதிலையே அதிகம் நம்புகிறார்கள். நடு உடலைச் சுற்றி எத்தனை வரிசை, வயிற்றில் எத்தனை அகலச் செதில்கள், மலப்புழையை மூடும் செதில் ஒற்றையா, இரண்டாகப் பிளந்ததா என்று ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். காங்கோ பயணக்குழுவைச் சேர்ந்த ஹெர்பர்ட் லாங் அருமையான புகைப்படக்காரர். இருந்தும், சுருண்டு கிடக்கும் விரியனின் படத்தை வைத்துக்கொண்டு வயிற்றுச் செதிலை எண்ண முடியாது.

லாங்கும் ஜேம்ஸ் சேப்பினும் 1909 முதல் 1915 வரை பெல்ஜியக் காங்கோவின் வடகிழக்கில் சேகரித்த பாம்புகளை ஆராய்ந்து 1923-இல் விரிவாக எழுதியவர் கார்ல் ஷ்மிட். பயணக்குழு ஊர் திரும்பிய பிறகே அருங்காட்சியகப் பணியில் சேர்ந்தவர் அவர். அந்தக் காட்டுப் பாம்புகள் அவருக்குக் குப்பிகளின் வழியாகவே அறிமுகமாயின. ஒரே இனத்திலும் பாம்புக்குப் பாம்பு செதில் எண்ணிக்கை மாறும். எதுவரை மாறலாம், எதற்குமேல் வேறு இனம் என்று ஒரு பாம்பை மட்டும் பார்த்து யாராலும் சொல்லிவிட முடியாது.

இதே ஷ்மிட்டிடம் 1957 செப்டம்பரில், சிகாகோவில், இனம் கண்டு சொல்லும்படி ஓர் இளம் ஆப்பிரிக்கப் பாம்பு கொண்டுவரப்பட்டது. தலையும் நிறமும் பூம்ஸ்லாங் என்னும் நச்சுப் பாம்புக்கு உரியவை. ஆனால் அதற்குப் பிளந்திருக்க வேண்டிய மலப்புழைச் செதில் இதில் ஒற்றையாக இருந்தது. அந்த ஐயத்தோடு கையில் எடுத்தவரைக் கட்டைவிரலில் கடித்தது. மருத்துவமனைக்குப் போகாமல், ஈறில் கசிந்த இரத்தம் வரை குறித்துக்கொண்டே இருந்தவர் மறுநாள் பிற்பகலில் இறந்தார். அது பூம்ஸ்லாங்தான்; அந்த ஒரு செதில் மட்டும் வழக்கத்துக்கு மாறாக இருந்துவிட்டது. ஓர் இனத்துக்கு ஒன்று போதாதா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தச் செதிலே நினைவுக்கு வருகிறது.

என் மனக்குறை வேறு. அந்தப் பயணம் சேகரித்தவை மொத்தம் 54 டன் என்பார்கள். காட்டுப் பாதைகளில் அவற்றைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர்கள் உள்ளூர் மக்கள். பாம்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று அறிந்தவர்களும் அவர்களே. அருங்காட்சியகப் பதிவேட்டில் ஊரும் நாளும் எண்ணும் இருக்கின்றன, சேகரித்தவர் என்ற இடத்தில் லாங், சேப்பின் என்றிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்