நோயாளிக்கு எடுத்துச் சொல்ல எங்கே பழகுவது?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சார்ட் வரைந்து ஹெல்த் டாக் (நோயாளிகளுக்கான உடல்நல விளக்கப் பேச்சு) கொடுத்தால் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவேன். ஆனால் பிரசவ வார்டில் தாயோ அவருடைய மாமியாரோ திடீரென்று ஏதாவது கேட்டால் வாயடைத்துப் போகிறேன். இதை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. எப்படிப் பழகுவது?

பதில்: ஹெல்த் டாக்கில் நீங்கள் தயாரித்து வந்ததைப் பேசுகிறீர்கள். வார்டில் அவர்கள் மனத்தில் இருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை எங்கள் காலத்திலும் வகுப்பில் நடத்தவில்லை. மூத்த சிஸ்டருக்குப் பின்னால் டிரே ஏந்தி நின்றபோது காதில் விழுந்ததுதான் எங்கள் படிப்பு.

அப்படி ஒரு காட்சி இன்னும் நினைவிருக்கிறது. பிறந்து அரை மணி நேரமான குழந்தைக்குச் சேனை வைக்க ஒரு பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்றார். நானாக இருந்தால், "கூடாது, தொற்று வரும்" என்று சொல்லியிருப்பேன். சிஸ்டர் கிண்ணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், இல்லையா அம்மா? பிள்ளையை நீங்களே தூக்கித் தாயின் மார்பில் வையுங்கள். முதலில் வரும் சீம்பாலை உங்கள் கையால் வைத்த சேனையாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று நான் மனப்பாடம் செய்திருந்த பாடத்தை அவர் அந்தப் பாட்டியின் பொறுப்பாகவே மாற்றிவிட்டார். கிண்ணம் தானாக ஓரம் போயிற்று.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இத்தகைய இடங்கள். சிஸ்டர் எந்தச் சொல்லில் ஆரம்பிக்கிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்று பாருங்கள். பணி முடிந்ததும் அந்த வாக்கியத்தை அப்படியே ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். டிஸ்சார்ஜ் நேரத்து அவசரத்தைவிட இரவுப் பணியில் நிறையக் கற்கலாம். பால் கொடுக்க விழித்திருக்கும் தாய், பகலில் உறவினர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டதை அப்போதுதான் கேட்பார்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவியாக இருந்தபோது ஒரு கர்ப்பிணியிடம் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள், ஏன், எதற்கு என்று எல்லாம் சொன்னேன். "புரிந்ததா?" என்றேன், தலையாட்டினார். அடுத்த முறை வந்தபோது மாத்திரை அப்படியே இருந்தது. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டாராம். அது இயல்பானது என்ற ஒரு வரியைத்தான் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம், மாத்திரையோடு காபி, டீ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு "புரிந்ததா?" என்று யாரிடமும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு மரியாதைக்காகவாவது எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். "வீட்டில் அத்தை கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது எது விட்டுப்போகிறதோ, அது நீங்கள் சரியாகச் சொல்லாத இடம். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புத்தூள் என்றால் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, எந்தப் பாத்திரத்தில் கரைப்பார் என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்கப்போகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

ஆனால் வார்டில் காதில் விழுவதெல்லாம் சரியாக இருக்காது. "பால் ஊறும்வரை கொஞ்சம் பவுடர் பால் கொடு" என்று அனுபவசாலிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லி சீம்பால்தான் சுரக்கும். ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு அதுவே போதும். பவுடர் பால் தேவைப்படுகிற குழந்தை எது என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். தொப்புளில் பவுடர், எண்ணெய் வைக்கச் சொல்வதும் இப்படிப் பரவிய பழக்கம்தான். அதனால் நோட்டில் எழுதிய ஒவ்வொன்றையும் வாரம் ஒருமுறை பாடநூலோடு ஒப்பிடுங்கள். பொருந்தாதவற்றை உங்கள் ஆசிரியையிடம் கேளுங்கள். சொன்ன சிஸ்டரின் பெயர் அங்கே வேண்டாம்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், "கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்" என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஷிப்ட் முடிவதற்குள் அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். போகாவிட்டால் அந்தத் தாய் பக்கத்துக் கட்டிலில் கேட்டுத் தெரிந்துகொள்வார்.