வங்கி பார்த்தது வங்கிக்காக

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு வவுனிக்குளத்தில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். இங்கிலாந்தில் கொவென்ட்ரியில் 1930களில் கட்டிய செமி வீடொன்றை (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டியது) 300,000 பவுணுக்குப் பேசி முடித்திருக்கிறீர்கள். வங்கி வேல்யுவேஷன், அதாவது வீட்டின் பெறுமதிக் கணிப்பு, செய்து கடனுக்குச் சம்மதித்துவிட்டது. "வங்கியின் ஆள் பார்த்துவிட்டாரே அக்கா, இனி 900 பவுண் கொடுத்து சர்வே எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் செய்யுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு சர்வே என்றால் காணி அளப்பதுதான். இன்றைக்குக் காலையில்கூடப் பக்கத்து வளவை அண்ணன் தம்பி இருவருக்கும் பிரிக்க சர்வேயர் வந்திருந்தார். முக்காலியை நிறுத்தி அளந்தார், எல்லைக்குக் கல் போட்டார், வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. வன்னியில் காணி வாங்குகிறவர் எல்லையைப் பார்ப்பார், கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்து உவரா என்று பார்ப்பார், சொந்த உறுதியுள்ள காணியா, அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியா என்று விசாரிப்பார். கட்டடத்தைப் பற்றிப் பெரிதாக யோசிக்க மாட்டார். யுத்தத்துக்குப் பிறகு இங்கே அநேகமான வீடுகள் சொந்தக்காரரே பக்கத்தில் நின்று கட்டியவை. அத்திவாரத்துக்குள் என்ன போட்டோம் என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் வாங்கப் போவது தொண்ணூறு வருடத்துக்கு முன் யாரோ கட்டி, பிறகு எத்தனையோ குடும்பம் கைவைத்த வீடு. இங்கிலாந்தில் வீட்டு சர்வே என்பது அந்தக் கட்டடத்தின் உடம்பைச் சோதிப்பது. எல்லை, உரிமை எல்லாம் சொலிசிட்டர், அதாவது உங்கள் வழக்கறிஞர், பார்க்கும் வேலை. அதிலும் அரசாங்கக் காணிப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பிளானில் இருக்கும் சிவப்புக் கோடு எல்லை ஏறக்குறைய எங்கே போகிறது என்று மட்டும்தான் காட்டும். எங்கள் ஊர் எல்லைக் கல்லைப் போல அங்குலக் கணக்கை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, வேல்யுவேஷனுக்கு வருவோம். தர்மபுரத்தில் உங்கள் அம்மாவுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தபோது 550,000 ரூபாயையும் ஒரேயடியாகத் தரவில்லை. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா என்று உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை வந்தது. காசு கொடுக்கிறவர் தன் காசுக்காகப் பார்த்த பார்வை அது. வங்கியின் வேல்யுவேஷனும் அப்படித்தான். நாளைக்கு நீங்கள் கடன் கட்டாமல் விட்டு, வீட்டை விற்க நேர்ந்தால் கொடுத்த காசு திரும்பி வருமா என்பதுதான் அவர்களின் கேள்வி. சில வேளைகளில் யாரும் வீட்டுக்குப் போவதே இல்லை. அயலில் விற்ற விலைகளை வைத்துக் கம்ப்யூட்டரே கணக்குப் போடும். அந்த விலைகளை நீங்களும் பார்க்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையை லேண்ட் ரெஜிஸ்ட்ரி இலவசமாக வெளியிடுகிறது. உங்கள் தெருவை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உங்கள் வங்கி 300,000 என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டது நல்லது. 285,000 என்று குறைத்திருந்தால், 90 வீதக் கடன் 256,500தான். உங்கள் கையிலிருந்து 30,000க்குப் பதிலாக 43,500 போட வேண்டி வந்திருக்கும். அப்படி நடந்த சிநேகிதர்களுக்கு நான் சொன்னது, அவசரப்பட்டு வட்டிக்கு வாங்கி அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள், முதலில் விற்பவரோடு விலையைப் பேசுங்கள் என்றுதான்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2011இல் ஹரோவில் முதல் வீடு வாங்கினோம். வங்கி சரி என்றதும் எங்களுக்கும் அது போதுமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து மேல் அறைச் சுவரில் வெடிப்பு விழுந்தது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் இடம் காணாது என்று கீழ் அறையில் புகைபோக்கிச் சுவரை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மேல் அறையில் மிச்சச் சுவரும் கூரைக்கு மேல் செங்கல் புகைபோக்கியும் அப்படியே நிற்கின்றன. அந்தப் பாரத்தைத் தாங்க இரும்பு பீம் போடவில்லை, கவுன்சிலின் கட்டட அனுமதியும் எடுக்கவில்லை. இஞ்சினியர், இரும்பு, கூலி எல்லாம் சேர்ந்து 6,500 பவுண் போனது. அந்தக் காசுக்காக என் மனிசன் ஒரு மாரி முழுக்க இரவு வேலைக்குப் போனார். பிள்ளைகள் இருவரும் அந்த வெடிப்புக்குக் கீழேதான் படுத்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும். கூரையில் புகைபோக்கி இருக்கிறது, கீழே சுவர் இல்லை, நடுவில் எது தாங்குகிறது என்று ஒரு நல்ல சர்வேயர் முதல் நாளே கேட்டிருப்பார்.

ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர்களின் தொழில் அமைப்பில் பதிவு செய்த சர்வேயர்களிடம் மூன்று தரம் உண்டு. லெவல் 1 மேலோட்டமானது, அதை விடுங்கள். பெரிதாக மாற்றம் செய்யாத, சாதாரணமான வீட்டுக்கு லெவல் 2 போதும். உங்கள் வீட்டில் பின்பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிறது, லொஃப்டை (கூரைக்குக் கீழ் உள்ள வெற்றிடம்) அறையாக்கியிருக்கிறது என்கிறீர்கள். அதற்கு லெவல் 3தான் சரி. விற்கிற ஏஜென்ட் தரும் பெயரை எடுக்காமல் நீங்களே ஒருவரைத் தேடுங்கள். கொன்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு பக்கமும் ஒப்பந்தத்தைக் கைமாற்றுவது, ஆகும்வரை நீங்கள் சட்டப்படி கட்டுப்பட்டவர் இல்லை. அதற்கு முன் அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

அறிக்கை வந்தால் பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் 1, 2, 3 என்று இலக்கம் போட்டிருப்பார்கள். 3 என்றால் உடனே கவனிக்க வேண்டியது. பழைய வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் 3 வருவது வழமை. சர்வேயர் தரையில் பொருத்திய கார்பெட்டைக் கிளப்பவும் மாட்டார், மின்சாரத்தையும் காஸையும் சோதிக்கவும் மாட்டார். சந்தேகம் இருந்தால் அதற்குரிய ஆளைக் கூப்பிடச் சொல்லி எழுதுவார். அப்புறம் அவருக்கு போன் எடுத்து, "இது உங்கள் வீடாக இருந்தால் எதை முதலில் திருத்துவீர்கள்?" என்று கேளுங்கள். எழுத்தில் சுற்றி வளைத்துச் சொன்னதை வாயால் நேரே சொல்வார்கள். லொஃப்டில் எங்காவது குளிருக்காகக் கூரையின் உட்பக்கம் ஸ்ப்ரே ஃபோம் (நுரை) அடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இருந்தால் சில வங்கிகள் கடன் தர மறுக்கும், பிறகு நீங்கள் விற்கும்போதும் கஷ்டம். திருத்தச் செலவுக்கு இரண்டு பேரிடம் எழுத்தில் விலை வாங்கி, அதைக் காட்டி வீட்டு விலையைக் குறைக்கக் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளாஸ்கோவில் வாங்க யோசிக்கும் உங்கள் மச்சானுக்கு இது அப்படியே பொருந்தாது. ஸ்கொட்லாந்தில் 2008 இறுதியிலிருந்து பெரும்பாலும் விற்பவரே ஹோம் ரிப்போர்ட் எடுத்து வைக்க வேண்டும், வேல்யுவேஷனும் சர்வேயும் அதற்குள்ளேயே இருக்கும்.

லொஃப்டுக்கும் பின்பக்கக் கட்டடத்துக்கும் கவுன்சில் கொடுத்த கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் (வேலை கட்டட விதிப்படி முடிந்தது என்ற சான்று) இருக்கிறதா என்று நாளைக்கே சொலிசிட்டருக்கு எழுதிக் கேளுங்கள். அறிக்கை வந்ததும் 3 போட்ட பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு வரை நான் இங்கேதான் நிற்பேன். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சிக்னல் நன்றாக இருக்கும், இருந்து ஒவ்வொன்றாகக் கதைப்போம்.